பட்டணத்துக்கு மொய் எழுதப் போற மாப்பிள்ளைக்கு

வா மாப்ள, உக்காரு. அந்தப் பக்கம் வேணாம், ஆட்டுக்குட்டி நனைச்சு வச்சிருக்கு. இங்கன தூணுல சாஞ்சுக்கோ. ஒங்கத்தை காப்பி போடுதா. கருப்பட்டி தீந்து போச்சாம், சீனிக் காப்பிதான். பட்டணம் போற ஆளு இப்பவே பழகிக்கிடணும்லா.

டிக்கெட்டு எடுத்தாச்சுன்னு செல்லக் காட்டுன. பாத்தேன். கண்ணாடி போடாட்டாலும் நல்லாவே பாத்தேன். செந்தூர் எக்ஸ்பிரஸ்ல நாலு பெர்த்து. நீ, ஒம் வீட்டுக்காரி, ரெண்டு பிள்ளைய. ராத்திரி ஸ்ரீவைகுண்டத்துல ஏறி, விடிஞ்சு எழும்பூர்ல எறங்கி, பகல் பூரா சுத்திட்டு, அன்னைக்கு ராத்திரியே திரும்ப வண்டி. லாட்ஜுக் காசு மிச்சம். குளிக்கது எங்கன மாப்ளன்னு கேட்டா மட்டும் ஒங்கிட்ட பதில் இல்ல. பரவாயில்ல, கடல் இருக்கு.

எதெதப் பாக்கப் போறன்னு கேட்டது எம் தப்பு. மூச்சு விடாம வாசிச்ச. எழும்பூர் மியூசியம், கன்னிமாரா லைப்ரரி, ரிப்பன் பில்டிங்கு, கோட்டை, கோட்டைக்குள்ள இருக்க மியூசியம், ஐகோர்ட்டு, மெரினா, சமாதிய, லைட் ஹவுசு, சாந்தோம் சர்ச்சு, கபாலீசுரர் கோயிலு, வள்ளுவர் கோட்டம், வண்டலூரு, மாமல்லபுரம். பதினாலு. நான் வெரல் விட்டு எண்ணுனேன், எங் கை ரெண்டும் பத்தாம ஒங்கத்தை கையையும் கடன் வாங்குனேன். கேட்டா, 'ஒரே நாள்ல கவர் பண்ணிரலாம் மாமா'ங்க.

கவர்னா எனக்குத் தெரிஞ்சது மொய்க் கவர்தான். நம்ம மேலத்தெருத் தரகரு இருந்தாருல்லா, நெல்லு தரகரு. ஒரு தை முகூர்த்தத்துல ஏழு கல்யாணம். ஏழு கவர மடியில செருகிக்கிட்டு சைக்கிள எடுத்தாரு. ஒவ்வொரு பந்தலுக்கும் போறது, கவரக் குடுக்கது, மாப்பிள்ள கையக் குலுக்குதது, அடுத்த பந்தலு. ஒரு எடத்துலயும் எல போட்டு உக்காரல. ராத்திரி வீட்டுக்கு வந்து பழைய சோத்தத் தின்னுட்டு, 'ஏழு கல்யாணச் சாப்பாட்டுலயும் உப்பு கொறச்சல்'னாராம். நீ போற போக்கு அதுதான். பதினாலு எடத்துல மொய் எழுதிட்டு வந்து, ஊர்ல ரசத்துக்குக் கொற சொல்லப் போற.

அதனால மொதல்ல வண்டலூர அடி. 1985ல அந்த மிருகக்காட்சிசாலைய சென்ட்ரல் பக்கத்துல இருந்து வண்டலூருக்குக் கொண்டு போனாவ. புலியே பட்டணத்து நெரிசல் வேணாம்னு ஊரத் தாண்டிப் போயிட்டு. நீ வலியப் போயி நெரிசலுக்குள்ள நிக்க. மாமல்லபுரத்தையும் அடி. அது போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல. கல்லு அங்கனயே நிக்கும், ஆயிரத்து முன்னூறு வருசமா நிக்கு, ஒனக்காவ இன்னொரு வருசம் நிக்காதா?

நான் 1974ல போனேன். ஒங்கத்தையக் கட்டி மூணாம் மாசம். மீட்டர் கேஜ் வண்டி. அப்பல்லாம் பட்டணம் போயிட்டு வந்தவங்கிட்ட ஊர்ல கேக்குத மொதக் கேள்வி, 'எல்.ஐ.சி. பாத்தியா?' அவ்வளவுதான். பதினாலு மாடி, 1959ல தொறந்தது. மவுண்ட் ரோட்டுல எதுத்தாப்புல நின்னு அண்ணாந்து எண்ணணும். நான் எண்ணி முடிக்குமுன்ன ஒங்கத்தை, 'மாடி என்னமோ பதினாலு இருக்கு, ஒரு மாடியிலயும் துணி காயக் காணமே'ன்னா. இப்ப அதுக்குப் பக்கத்துல நிக்க கட்டடத்தையெல்லாம் பாத்தா, எல்.ஐ.சி. பெரிய குடும்பத்துல ஒடுங்கிப் போன கடைசித் தம்பி மாதிரி இருக்கு. ஒம் பட்டியல்ல அது இல்லவே இல்ல. பதினாலு மாடிக்குப் பதிலா நீ பதினாலு எடம் வச்சிருக்க.

சரி, எழும்பூர்ல எறங்குத. ஆட்டோக்காரர்ட்டப் போயி 'அண்ணே, மியூசியத்துக்கு எவ்வளவுண்ணே'ன்னு நம்ம ஊரு இழுவையில கேட்டுராத. அந்த இழுவைக்கே தனியா அம்பது ரூவா. நடந்தே போயிரலாம். போற ரோட்டுக்கு 'பாந்தியன் சாலை'ன்னு போட்டிருக்கும். நான் அந்தக் காலத்துல பாத்துட்டு, எழுத்துக்காரன் காலு ஒடச்சுட்டான் போல, நம்ம பாண்டியன் பேருதான்னு நெஞ்ச நிமித்திக்கிட்டுப் போனேன். பொறவுதான் தெரிஞ்சுது, பாந்தியன்ங்கது வெள்ளைக்காரன் கூடி ஆடிப் பாடி விருந்து தின்ன மண்டபத்தோட பேரு. பாண்டியனுக்கும் அதுக்கும் சோறு தண்ணி கெடையாது. நிமித்துன நெஞ்ச எறக்கிக்கிட்டேன். ஒங்கத்தை பாக்கல.

அந்த மண்டபம் இருந்த எடத்துக்குத்தான் 1854ல மியூசியம் வந்துது. அதுக்கு மூணு வருசம் முன்ன, 1851ல, நுங்கம்பாக்கத்துல இருந்த கோட்டைக் காலேஜு கட்டடத்துல ஆரம்பிச்சாவ. பால்ஃபர்னு ஒரு டாக்டரு பொறுப்பு. அவரு சும்மா கல்லையும் எலும்பையும் மட்டும் வைக்கல. உசுரோட சிறுத்தையையும் புலியையும் கொண்டாந்து கட்டிப் போட்டாரு, சனம் கூட்டமா வந்துது. 1855ல எழும்பூர் மியூசியத்துலயே ஒரு மிருகசாலை. ஆறு ஏழு வருசத்துல அத சென்ட்ரல் பக்கத்து பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாத்துனாவ. பட்டணத்துச் சனம் லேசுப்பட்டதா? காலேஜுல பொறந்ததுனால ரெண்டுக்கும் காலேஜுன்னே பேரு வச்சுட்டு. உசுரு உள்ளதுக்கு உயிர் காலேஜு, உசுரு இல்லாததுக்கு செத்த காலேஜு. நான் வாங்குன டிகிரி ரெண்டும் அந்த ரெண்டு காலேஜுலதான். ஒரே நாள்ல வாங்கிட்டேன், அரியரு இல்ல.

உள்ள போனதும் பிள்ளைய ஓடுத எடம் எதுன்னு சொல்லட்டா? திமிங்கல எலும்பு. நீளமாத் தொங்கும், பாக்க நம்ம தோணிய வயத்துப் பக்கமாப் பாத்த மாதிரி. நீ ஒடனே செல்ல எடுத்துக்கிட்டு பின்னாலயே போவ. போ. ஆனா ஒண்ணு கேக்கேன். 2016 பொங்கலுக்கு நாலஞ்சு நாளு முந்தி மணப்பாட்டுக் கரையில திமிங்கலக் கூட்டமே வந்து ஒதுங்குச்சே, மீனவங்க பாவம் கயிறு கட்டிக் கடலுக்குள்ள இழுத்து இழுத்து விட்டாவளே, திரும்பத் திரும்பக் கரைக்கே வந்துதே, அதப் பாக்க வாலன்னு ஒன்னக் கூப்புட்டேன். 'வேல கெடக்கு மாமா, டிவியில பாத்துக்கிடுதேன்'ன. உசுரோட வாசல்ல வந்து நின்னத டிவியில பாத்த. எலும்பப் பாக்க ராத்திரி முழுக்க ரயிலு ஏறுத. சவத்த விடு.

அடுத்தது வெண்கலச் சாமிய இருக்க எடம். இங்கன மட்டும் பிள்ளையள இழுத்துக்கிட்டு ஓடாத. திருவாலங்காட்டு நடராசர் இருக்காரு. அந்தக் கால வீச்சு முன்னால ஒரு நாழி நில்லு, ஒங் காலு தானா ஓடுதத நிறுத்திரும். திருவெண்காட்டு அர்த்தநாரி இருக்காரு. ஒரு பக்கம் இடுப்பு வளையும், மறு பக்கம் வளையாது. எங்கன ஆணு முடிஞ்சு எங்கன பொண்ணு ஆரம்பிக்குன்னு ஒனக்குச் சொல்ல முடியாது. கல்யாணமாயி அம்பது வருசம் ஆச்சு, எங்க வீட்டுலயும் அப்படித்தான், எங்கன எம் பேச்சு முடிஞ்சு எங்கன அவ பேச்சு ஆரம்பிக்குன்னு எனக்கே வெளங்கல.

ஒங்கத்தை அன்னைக்கு என்ன செஞ்சா தெரியுமா? செருப்ப வாசல்லயே கழத்திட்டா. கண்ணாடி முன்னால நின்னு கன்னத்துல போட்டுக்கிட்டு, முந்தியில இருந்து பத்துப் பைசாவ எடுத்து பீடத்துக்குக் கீழ வச்சா. காவக்காரரு ஓடியாந்து, 'அம்மா, இங்க பூசையெல்லாம் கெடையாது'ன்னாரு. 'பூசை இல்லேன்னா பொறவு எதுக்குய்யா சாமிய வச்சிருக்கிய?'ன்னு கேட்டா பாரு, அந்தாளு என்னையப் பாக்காரு, நான் நடராசரப் பாக்கேன். வெளிய வந்ததும் சொன்னா, 'குளிப்பாட்ட ஆளில்ல, உடுத்த துணியில்ல, ஒரு பூவில்ல. அடுத்த பங்குனிக்காவது ஊருக்கு விட்டா என்ன?' அவ கேட்டதுக்கு எனக்கு இன்னைக்கு வரைக்கும் பதில் தெரியல. நீ படிச்சவன், தெரிஞ்சா சொல்லு.

இந்தச் சாமிய எல்லாம் எப்படி எழும்பூருக்கு வந்துதுன்னு கேக்கியா? பாதி, ஏரு உழுகையிலயும் அஸ்திவாரம் தோண்டையிலயும் அகப்பட்டது. 1878ல வெள்ளைக்காரன் புதையல் சட்டம்னு ஒண்ணு போட்டான். மண்ணுக்குள்ள கெடச்சது பத்து ரூவாய்க்கு மேல பெறுமானம்னா கலெக்டருக்குச் சொல்லியாவணும். அந்தச் சட்டத்துல பத்து ரூவா பத்து ரூவாயாவே நின்னுட்டு. இன்னைக்குப் பத்து ரூவாய்க்கு நம்ம முக்குக் கடையில ரெண்டு வடை கெடைக்கல. மம்பட்டி பட்டு ஒரு வடை அகப்பட்டாக்கூட கலெக்டராபீசுக்கு ஒரு மனு எழுதணும் போல.

இப்பதான் விசயத்துக்கு வாறேன். காப்பிய எடுத்துக்கோ.

நீ வேலைக்கு தினமும் திருநெல்வேலிக்கு பஸ்ஸுல போறல்லா. ஸ்ரீவைகுண்டம் பாலம் தாண்டி, கருங்குளம் வாரதுக்கு முன்ன, செம்மண்ணும் சரளையுமா மேடு ஒண்ணு கெடக்கும். ரோடு அது வழியாத்தான் போவுது, ரயிலும் அது பக்கமாத்தான் போவுது. ஆதிச்சநல்லூர்ப் பரம்பு. நூத்திப் பதினாலு ஏக்கரு. பன்னெண்டு வருசமா அது வழியாப் போற, வாற. ஒரு நாளு எறங்கியிருக்கியா? நீ எங்க எறங்க, அந்த எடம் வந்தாத்தான் ஒனக்கு ஒறக்கம் சுகமா வருது, கண்டக்டரே சொன்னாரு.

1876ல பெர்லின்ல இருந்து ஜாகோர்னு ஒரு ஆளு நம்ம பரம்பத் தேடி வந்தான். பஸ்ஸு கெடையாது, செல்லுல மேப்பு கெடையாது. வந்து தோண்டி, தாழி, இரும்பு, வெண்கலம்னு கெடச்சத பெர்லினுக்குக் கொண்டு போயிட்டான். பொறவு 1899ல இருந்து ஒரு ஆறு வருசம் போல அலெக்சாண்டர் ரீன்னு ஒரு தொரை. அவரு தொல்லியல் இலாகா. பொறுமையாத் தோண்டி, கெடச்சத ஒண்ணு விடாம எழுதி வச்சு, 1915ல பட்டியலா அச்சடிச்சாவ. ஒம் பட்டியலு மாதிரி இல்ல, அவரு ஒவ்வொண்ணையும் உக்காந்து பாத்துருக்காரு. தாழிக்குள்ள எலும்பு, பக்கத்துல வாளு, வேலு, நெத்தியில கட்டுத தங்கப் பட்டம், பானைக்குள்ள நெல்லு உமி. வெண்கலச் சாடி மூடி மேல எரும, மானு, சேவலு, பறவைன்னு செஞ்சு வச்சிருக்கான். இதுல பெரும்பாலும் எங்க போச்சு? எழும்பூருக்கு.

ஆக, செத்த காலேஜுல நம்ம ஊருக்காரன்தான் சீனியரு. வேற எல்லாரும் பேரன் பேத்தி.

1974ல அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால போயி நின்னேன். கீழ 'ஆதிச்சநல்லூர், திருநெல்வேலி சில்லா'ன்னு எழுதியிருக்கு. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. யாரோ ஊருல நம்ம ஊர்ப் பேரச் சொல்லிக் கூப்புட்ட மாதிரி. திரும்பிப் பாத்தேன். ஒங்கத்தை பக்கத்துல நின்னு அந்தப் பானையவே உத்துப் பாத்துட்டு, 'இந்த மாதிரி ஒண்ணுலதான எங்க தொழுவத்துல புண்ணாக்கு ஊறப் போட்டிருந்தோம்'ன்னா. மெதுவாப் பேசுட்டின்னேன். காவக்காரரு ஏற்கெனவே எங்க மேல ஒரு கண்ணா இருந்தாரு.

நானும் யோக்கியம் கெடையாது மாப்ள. சின்னப் பிள்ளையில பரம்புலதான் ஆடு மேச்சோம். மழை பேஞ்சு மண்ணு கரைஞ்சா தாழியோட வாயி வட்டமா வெளிய தெரியும். அது என்னன்னு யாரும் சொல்லல. தெரிஞ்ச பெரியவங்களும், 'அங்கன போவாத, அடிச்சிரும்'னுதான் சொன்னாவ. எங்களுக்கு அது குறி பாக்குத எடம். பத்தடி தள்ளி நின்னு கல்லெறிவோம். எவங் கல்லு விழுந்து மொதல்ல 'டொப்'புன்னு சத்தம் வருதோ அவனுக்கு ஒரு பனங்கெழங்கு. நான் நல்லா எறிவேன். நெறைய கெழங்கு தின்னுருக்கேன். எழும்பூர்ல அந்தப் பெட்டி முன்ன நிக்கையில எனக்கு அந்தக் கெழங்குதான் ஞாவகம் வந்துது. எறிஞ்ச கல்லையெல்லாம் திரும்பப் பொறுக்க முடியுமால?

2004ல மறுபடி தோண்டுனாவ, நூத்துக்கு மேல தாழி வந்துது. 2021ல திரும்பவும். தோண்டுன குழி மேலயே கண்ணாடி போட்டு, மேல நின்னு குனிஞ்சு பாக்குத மாதிரி 2023ல தொறந்துட்டாவ. தாழி எந்த எடத்துல எப்படிக் கெடந்துதோ அப்படியே கெடக்கும். டெல்லியில இருந்து மந்திரி வந்து தொறந்தாவ. நம்ம தெருவுல இருந்து எத்தன பேரு போனோம்? அன்னைக்கு ரோட்டுல போலீசு நிறுத்தி வச்சதுல பஸ்ஸு பிந்திட்டுன்னு நீதான் வந்து திண்ணையில மொனங்குன.

ஊர்ப் பொருள வெளியூர்ல போயிப் பாக்க கெதி நமக்கு மட்டும் இல்ல. எழும்பூர் மியூசியத்துலயே அமராவதிக் கல்லு இருக்கு. வெள்ள வெளேர்னு, புத்தரு கதை செதுக்குனது. ஆந்திராவுல கிருஷ்ணா நதிக்கரையில இருந்த ஸ்தூபி. பாதி எழும்பூர்ல, பாதி லண்டன்ல. அமராவதிக்காரன் அவன் ஊரு சுவத்தப் பாக்க ரெண்டு தலைநகரம் சுத்தணும், அதுலயும் ஒண்ணுக்கு விசா வாங்கணும். அவனுக்கு நாம எவ்வளவோ தேவலாம், ஒரு ராத்திரி ரயிலுதான்.

கன்னிமாரா அதே வளாகத்துலதான் இருக்கு. 1896ல தொறந்தது. இந்தியாவுல அச்சாகுத பொஸ்தகத்துல ஒரு பிரதி அங்க போயிச் சேரணும்னு சட்டம். நீ வெளிய நின்னு கட்டடத்தப் பாத்துட்டு வந்துரு. உள்ள போயி நீ என்ன செய்ய? பிள்ளையள வேணா கூட்டிட்டுப் போயிக் காட்டு, செல்லு இல்லாம குனிஞ்சு உக்காந்திருக்க ஆளுகளையும் அதுக பாக்கட்டும்.

கோட்டைக்குப் போ. 1639ல நாயக்கமாருகிட்ட எடத்த வாங்கிக் கும்பினிக்காரன் எழுப்புனது. இன்னைக்கும் சட்டசபை, தலைமைச் செயலகம் எல்லாம் அங்கனதான். நீ நம்ம ஊரு வாய்க்காலத் தூர் வாரச் சொல்லி மூணு மனு போட்டல்லா, அது போயிச் சேந்த ஊரு அதுதான். வழியில எங்கயாவது தட்டுப்பட்டா கையோட எடுத்துட்டு வந்துரு.

உள்ள மேரி சர்ச்சு ஒண்ணு, 1680ல கட்டி முடிச்சது. கிளைவு தொரைக்கு 1753ல கல்யாணம் நடந்தது அங்கனதான். யேல்னு ஒரு ஆளு 1687ல இருந்து அஞ்சு வருசம் அங்க கவர்னரு. கும்பினி வேலையில இருந்துக்கிட்டே சொந்த யாவாரத்துல கொழுத்த பணம் சேத்தாரு. அதுல புகாராகி வேலையும் போச்சு. ஊருக்குப் போன பொறவு, அமெரிக்காவுல தட்டுத் தடுமாறிக்கிட்டு இருந்த ஒரு காலேஜுக்கு ஒம்பது பொதி சரக்கும் கொஞ்சம் பொஸ்தகமும் குடுத்தாரு. அவ்வளவுதான். காலேஜுக்கே அவரு பேர வச்சுட்டாவ. முன்னூறு வருசமா ஒலகமே யேலு யேலுங்கு. பாத்தியா மாப்ள, மொய் எழுதுனா அப்படி எழுதணும். ஒரே பந்தலு, ஒரே கவரு.

கோட்டைக்குள்ளயே ஒரு மியூசியம் இருக்கு. 1795ல கட்டுன கட்டடம், 1948ல மியூசியம் ஆச்சு. 1947 ஆகஸ்டு பதினஞ்சுல கோட்டையில ஏத்துன கொடிய அதுல வச்சிருக்காவ. அது ஒண்ண மட்டும் பிள்ளையளுக்குக் காட்டுனாப் போதும். தொரைமாரு படமும் தட்டும் பீங்கானும் பாக்கப் பாக்கக் கொட்டாவி வரும், எனக்கு வந்துது.

சாயங்காலம் மெரினாவுக்குப் போ. இதுக்கு நான் தட சொல்லல. ஆனா சிலைய ஒவ்வொண்ணாப் பாத்துக்கிட்டே நட. 1968 சனவரியில ரெண்டாவது ஒலகத் தமிழ் மாநாடு நடந்தப்ப பத்துச் சிலை வச்சாவ. அதுல பாரதியாரு, நம்ம எட்டயபுரம். வ.உ.சி., ஒட்டப்பிடாரம். கால்டுவெல்லு, அயர்லாந்துல பொறந்தாலும் இடையங்குடியில அம்பது வருசம் இருந்து அங்கனயே அடங்குனவரு. போப்பையரு, சாயர்புரத்துல பள்ளிக்கூடம் நடத்துனவரு. வீரமாமுனிவரு, கோவில்பட்டிப் பக்கம் காமநாயக்கன்பட்டியில ஊழியம் செஞ்சவரு. பத்துக்கு அஞ்சு ஆச்சா? பஸ்ஸு ஏறுனா மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்குத் திரும்பிரலாம், அந்தத் தூரத்து ஆளுக. நீ இவங்கள்ல ஒருத்தரு ஊருக்காவது போயிருக்கியா? எட்டயபுரம் வரைக்கும் போன, தெரியும். மாட்டுத் தாவணிக்கு.

கண்ணகியும் அங்கன நிக்கா. 2001ல ராத்திரியோட ராத்திரியா எடுத்தாவ, 2006ல திரும்பக் கொண்டாந்து வச்சாவ. மதுரைய எரிச்சவளுக்கே பட்டணத்துல அஞ்சு வருசம் நிக்க எடமில்ல. நீ ஒத்த நாளு போற ஆளு, கொஞ்சம் அடக்கமா நடந்துக்கோ.

எம்.ஜி.ஆரு சமாதியில ஒங்கத்தை மாதிரி ஆளுக குனிஞ்சு காத வச்சுக் கேப்பாவ. கையில கட்டிருந்த வாட்சு இன்னும் ஓடுதாம். ஒம் பிள்ளைய கேட்டா, 'ஆமா, கேக்கு'ன்னு சொல்லிரு. அந்த வயசுல நம்பாட்டா எப்ப நம்பும்? கடல்ல கால நனைக்கையில கையப் பிடிச்சுக்கோ, அது நம்ம திருச்செந்தூர்க் கடலு மாதிரி இல்ல, கால வாரிரும். தேங்கா மாங்கா பட்டாணி சுண்டலு வாங்கித் திங்கலாம். பஜ்ஜி அவ வேணாம்பா, வாங்கிக் குடு, திம்பா.

மிச்சம் இருக்க ரிப்பன் பில்டிங்கும் ஐகோர்ட்டும் பஸ்ஸு சன்னல் வழியாவே தெரியும், கோர்ட்டு வாசப்படிய வெளிய நின்னு பாக்கதுதான் நல்லது, எங்க தாத்தா ரெண்டு வயலு வித்துப் படிச்ச பாடம். வள்ளுவர் கோட்டத்துல ஆயிரத்து முன்னூத்து முப்பது கொறளும் கல்லுல வெட்டியிருக்கு. நீ பத்து ஒப்பிச்சுக் காட்டு, பொறவு போகலாம். லைட் ஹவுசு, சாந்தோம், கபாலி மூணையும் அடுத்த தடவைக்கு வச்சுக்கோ. அறுபத்து மூவர் உற்சவத்துக்குப் போனாத்தான் மயிலாப்பூரு மயிலாப்பூரா இருக்கும்.

போக்குவரத்துக்கு ஒம் பொண்டாட்டி சொல்லுதபடி கேளு. சாதா பஸ்ஸுல பொம்பளையளுக்குத் துட்டு கெடையாது, அவ கணக்கா அந்த பஸ்ஸாப் பாத்து ஏறுவா. நீ ஏ.சி. பஸ்ஸு, மெட்ரோன்னு பவுசு காட்டுனா உம் பையிலதான் ஓட்ட விழும். புதுச் செருப்பு போடாத. போட்டா எடு, வேணாங்கல. ஆனா நடராசருக்கு முதுகக் காட்டிக்கிட்டு நின்னு உன் மூஞ்சிய எடுக்காத. அவரு ஆயிரம் வருசமா ஆடுதாரு, நீ ஒரு நிமிசம் நேராப் பாத்தா என்ன? ஊருக்கு வந்து என்கிட்ட செல்லக் காட்டாத, கண்டத வாயால சொல்லு. சொல்ல வரலேன்னா நீ பாக்கலேன்னு எடுத்துக்கிடுதேன்.

ஆக, பதினாலுல நான் அடிச்சது போக எழும்பூரு, கோட்டை, மெரினா. மூணு பந்தலு. எல போட்டு உக்காந்து சாப்புடுத மூணு பந்தலு.

என்ன எந்திரிச்சுட்ட? இரு. டிக்கெட்ட இன்னொரு தடவ எடு. நான் மொதல்லயே பாத்தேன்னு சொன்னேம்லா. வியாழக்கிழம ராத்திரி வண்டின்னு இருக்கு. அப்ப நீ எறங்குதது வெள்ளிக்கிழம காலையில.

எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழம லீவு. கோட்டை மியூசியத்துக்கும் வெள்ளிக்கிழமதான் லீவு.

மொறைக்காத. பதினாலு எடத்தையும் நீ ஆசையா வாசிக்கையில குறுக்க பேச மனசு வரல. டிக்கெட்டத் தேதி மாத்த முடியுமான்னு பாரு. முடியலேன்னா சும்மா கெடக்குத வியாழக்கிழமப் பகல்ல பிள்ளையளக் கூட்டிக்கிட்டு வா, பரம்பு வரைக்கும் போயிட்டு வருவோம். எந்தத் தாழியில எங் கல்லு விழுந்துதுன்னு நானே எடம் காட்டுதேன். ராத்திரி நீ வண்டி ஏறிக்கோ. மெரினாவுக்கு லீவு கெடையாது.